நிற்போர் கேட்பது பிச்சையன்று



பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் உபாசக உபாசிகைகளே!

ததாகதர் ஒருகால் ஜேதவனத்தினின்று முப்பது யோசனை வழி நடந்து ஆளவி என்னும் ஊருக்கு எழுந்தருளினார். அவ்வூரில் வாழ்ந்த ஓர் ஏழை உழவனுக்கு அறம் உணர்த்துதற்பொருட்டே அவ்வளவு தூரம் நடந்தார் என்று தம்மபதத்தின் உரை கூறும். அன்று அவ்வுழவனுடைய எருது காணாமற் போயிற்று. அதனைத் தேடி அலைந்து, கண்டு, மந்தையிற் சேர்த்துவிட்டு, வீட்டுக்கும் செல்லாமல், உண்ணாத வயிற்றோடு விரைந்து வந்து சபையில் சேர்ந்தான். ஊரார் போதனைக்காகக் காத்திருந்தனர். பகவரோ வாய் திறவாது அமர்ந்திருந்தார். அவன் வந்ததும், மிஞ்சிய உணவு உண்டோ என்று வினவினார். அவனை அமர்த்தி உண்பிக்கச் செய்தார். பசி தீர்ந்த பின்னரே நான்கு வாய்மைகளை விளக்கலானார். பிக்குகளிற் சிலர் இதுபற்றித் தமக்குள் பேசிக்கொண்டபோது, பசியால் வாடுபவன் உள்ளத்தில் அறம் பதியாது என்பதை அவர்க்கு உணர்த்தினார்.

இக்கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டபின், பௌர்ணமிதோறும் நாலு பேருக்குச் சோறிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணி வீடு திரும்புகிறோம். சோறிடுதல் நன்றே. ஆயினும், பசித்தவன் ஏன் பசித்தான் என்று கேட்பதும் தருமமே என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

நம் ஊர்களிலிருந்து பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் வாயிலை அடையலாம். வழக்குக்கும் வைத்தியத்துக்கும் அவ்வழியே போகும் நம்மிற் பலர், அங்கே நடைபாதையில் இடப்பட்டிருக்கும் பந்தல்களைப் பார்த்தும் பாராதவராய்க் கடக்கிறோம். அவற்றுள் இரண்டைப் பற்றி நாம் ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

2001ஆம் ஆண்டில் கேரளத்துப் பழங்குடி மக்களிடையே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், சி. கே. ஜானு முதலியோர் தலைமையில் அம்மக்கள் தலைநகர் வந்து, தலைமைச் செயலகத்தின் முன்னே குடில்கள் கட்டிக் குடியேறினர். 48 நாட்கள் அங்கேயே சமைத்தனர், அங்கேயே உறங்கினர். அவர்கள் கேட்டது உழுது பிழைக்கச் சிறிது நிலம்.

இங்கே நம்மவர் சிலர், "அவரவர் முற்பிறப்பு வினை அது, நாம் என் செய்வது?" என்கின்றனர். அன்பர்களே! இது புத்தர் மொழியன்று. மோலியசீவகன் என்னும் துறவி, மனிதன் துய்க்கும் இன்ப துன்பம் எல்லாம் முன்வினையின் பயனோ என்று பகவரைக் கேட்டபோது, அங்ஙனம் கூறுதல் தவறு என்றே அவர் விடையளித்தார். பித்தத்தாலும், கோழையாலும், வாதத்தாலும், பருவ மாற்றத்தாலும், பிறர் செய்யும் கொடுமையாலும் துன்பம் வரும்; வினைப்பயன் என்பது அவர் எண்ணிய எட்டுக் காரணங்களுள் ஒன்றே. பிறர் செய்த கொடுமையை முன்வினை என்று பெயரிட்டு மூடுவது, கொடுமை செய்தவனுக்குக் குடை பிடிப்பதாகும். தாழ்ந்த குலம் முன்வினையால் வந்ததென்று நம் பாட்டனாருக்கும் இப்படித்தான் சொன்னார்கள். அதனை மறுத்தன்றோ நாம் மும்மணியைச் சரணடைந்தோம்!

ஆகவே காரணத்தைச் சீலத்தின் ஒளியிற் காண்போம். இரண்டாம் சீலம் யாது? கொடாததை எடாமை. மலைமக்களின் நிலம் அவர்கள் மனமுவந்து கொடுத்ததன்று. கடனாலும், வெற்றுத் தாளிற் பெற்ற கைநாட்டாலும், வலிமையாலும் கை மாறியது. அங்ஙனம் கை மாறிய நிலத்தை மீட்டுத் தருவதற்கென்று 1975ஆம் ஆண்டிற் கேரளச் சட்டமன்றமே சட்டம் இயற்றியது. அதனை நடைமுறைப்படுத்தும் விதிகள் வெளிவந்தது 1986இல். பதினோராண்டு ஒரு சட்டம் பெட்டியில் உறங்கிற்று. 1999இல் வந்த வேறொரு சட்டம், இழந்த நிலத்துக்குப் பதிலாக வேறு நிலம் என்று கூறிற்று. திருடுவது மட்டுமன்று, திருட்டுப் பொருளைத் திருப்பித் தராமற் காலம் கடத்துவதும் இரண்டாம் சீலத்தின் மீறலே.

நான்காம் சீலம் யாது? பொய் கூறாமை. 2001 அக்டோபர் 16ஆம் நாள் முதலமைச்சர் ஏ. கே. ஆண்டனி அவர்களின் அரசு உடன்படிக்கை செய்தது. நிலமற்ற பழங்குடிக் குடும்பத்திற்கு 1 முதல் 5 ஏக்கர் வரை வழங்குவதாக வாக்களித்தது. குடில்கள் பிரிக்கப்பட்டன, மக்கள் மலை ஏறினர். வாக்கோ நிறைவேறவில்லை. காத்திருந்து சலித்தோர் 2003இன் தொடக்கத்தில் வயநாட்டு முத்தங்கா வனத்துட் புகுந்து குடில் கட்டினர். பிப்ரவரி 19ஆம் நாள் அங்கே போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். அந்நாளின் மோதலில் ஓர் ஆதிவாசியும் ஒரு போலீஸ்காரரும் உயிர் நீத்தனர். நிலம் இல்லாதவன் ஒருவன், சம்பளத்துக்குக் காவல் நின்றவன் ஒருவன். வாக்குக் கொடுத்து மறந்தவர் எவர்க்கும் காயம் இல்லை. பொய் எங்கே பேசப்படுகிறதோ அங்கேயே அதன் பயன் விளைவதில்லை. தொலைவிலே, எளியவன் வாசலிலே விளைகிறது.

2014 ஜூலை 9ஆம் நாள் அம்மக்கள் மீண்டும் தலைமைச் செயலகத்தின் முன் வந்தனர். இம்முறை அவர்கள் உட்காரவில்லை, நின்றனர். 162 நாட்கள் மாறி மாறி, வெயிலிலும் மழையிலும், ஆடவரும் பெண்டிரும் நின்றனர். நிற்புப் போராட்டம் என்று அதற்குப் பெயர். அவ்வாண்டு டிசம்பரில், அரசு அவர்கள் கோரிக்கைகளை ஏற்று அறிவித்த பின்னரே அவர்கள் இருந்தனர்.

நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என்னும் நான்கு நிலைகளிலும் விழிப்போடிருக்கப் பகவர் பயிற்றினார். நாம் இருத்தலை மட்டும் தியானம் என்று கொண்டுவிட்டோம். கல் எறியாமல், வசை மொழியாமல், தன் உரிமையை மறவாமல் 162 நாள் நின்றவர்களிடம் விழிப்பும் பொறுமையும் இல்லையென்று எவர் கூற வல்லார்? பிச்சை கேட்பவன் கொடுத்தால் வாங்குவான், மறுத்தால் அடுத்த வீடு செல்வான். இவர்கள் அடுத்த வீடு செல்லவில்லை. தம் பங்கு இருக்கும் வீட்டின் வாசலிலேயே நின்றார்கள்.

அரசர்க்கும் அறம் உண்டு. சக்கரவர்த்தி சிங்கநாத சூத்திரத்தில் ஓர் அரசன் வருகிறான். அவன் நாட்டைக் காத்தான். ஆனால் வறியவர்க்குப் பொருள் வழங்கவில்லை. அதனால் வறுமை பெருகிற்று. வறுமையால் களவு பிறந்தது. களவை ஒழிக்க அரசன் தலைகளை வெட்டினான். அதைக் கண்ட மக்களும் வாள் செய்துகொண்டனர். அதன்பின் கொலையும் பொய்யும் பெருகி, மனிதரின் ஆயுளே குறைந்தது. கூடதந்த சூத்திரத்திலோ, பெருவேள்வி செய்ய விரும்பிய மன்னனுக்கு அவன் புரோகிதர் வேறு வழி காட்டுகிறார்: உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், ஊழியனுக்குக் கூலியும் கொடு, தண்டனையால் அடங்காத நாடு தானே அமைதியுறும் என்கிறார். அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததும் இதுவே: வாக்குரிமையிற் சமத்துவமும் வாழ்க்கையில் அசமத்துவமும் நெடுங்காலம் சேர்ந்து வாழா.

இவை வயநாட்டார் கதை, நமக்கென்ன என்பீரோ? நெய்யாறு தோன்றும் அகத்திய மலைச் சரிவிற் காணிக்காரர் வாழ்கின்றனர். அவர்கள் காத்த காட்டின் நீரையே நாம் குடிக்கிறோம். மேலும், நம் மண்ணின் வரலாற்றைப் பாருங்கள். வெங்கானூரிற் பிறந்த அய்யன்காளி (1863-1941), ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டினார். ஊரூட்டம்பலம் பள்ளிக்கு பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது, அப்பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. அந்த ஊர் நம் நெய்யாற்றங்கரைக்கு அண்மையில் உள்ளது. வேலை நிறுத்தக் காலத்திற் பசியைத் தாங்கத் தொழிலாளரைக் கடற்கரை மீனவர் தம்மோடு தொழிலுக்குச் சேர்த்துக்கொண்டனர் என்பர். அன்று நமக்குத் தோள் கொடுத்தோர் இருந்தனர். இன்று நாம் எவர்க்குத் தோள் கொடுக்கிறோம்?

இக்கேள்வியைக் கேளாமல் இருக்க முடியாது. சாதியை விட்டோம் என்று சொல்லித் திரிசரணம் ஏற்ற நம் வீட்டுத் திண்ணையில், மலையிலிருந்து தேன் கொண்டுவருபவன் சமமாக அமர்கிறானா? அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறோமா, "ஏய்" என்று விளிக்கிறோமா? அவனுக்குத் தனிக் குவளை வைத்திருப்போமாயின், நாம் மாற்றியது மதத்தின் பெயரை மட்டுமே.

ஆகவே சில கடமைகளைச் சொல்கிறேன். முதலாவது, நம் தோட்டத்தில் ரப்பர் வெட்டுவோர்க்கும் மரச்சீனி பிடுங்குவோர்க்கும் பேசிய கூலியைப் பேசிய நாளிற் கொடுப்போம். அரசின் வாக்கைக் கேட்குமுன் நம் வாக்கைக் காப்போம். இரண்டாவது, பௌர்ணமிதோறும் வீட்டுக்கு ஒரு படி அரிசி சேர்த்து, தலைநகரிற் பந்தலில் இருப்போர்க்குக் கொண்டு செல்வோம். பந்தல்கள் ஒழிந்துவிடவில்லை, 2025 பிப்ரவரி 10 முதல் எட்டு மாதங்களுக்கு மேல் ஆஷாப் பெண் ஊழியர்கள் அதே வாயிலில் ஊதிய உயர்வு கேட்டு இரவும் பகலும் இருந்தனர். மூன்றாவது, அரிசியை இறக்கிவிட்டு உடனே பேருந்து ஏறாமல், அவர்கள் அருகில் ஒரு நாழிகையாவது நிற்போம். தானம் கையிலிருந்து செல்வது; உடன் நிற்றலே மைத்திரி.

நான்காவது, சினத்தைக் காப்போம். நூற்பாலையில் இழை அறுந்தால், சினந்து இழுப்பவன் பத்து இழைகளை அறுப்பான். பொறுமையோடு முடிபவனே நூலைக் காப்பான். அஞ்சி ஒதுங்குதல் பொறுமையன்று. வெறுத்துத் தாக்குதல் வீரமுமன்று. இவ்விரண்டுக்கும் நடுவே அசையாமல் நிற்பதே பகவர் காட்டிய நடுவழி.

ஆளவியில் ஒரு பசித்த மனிதனுக்காக ததாகதர் தம் போதனையையே நிறுத்தி வைத்தார். அவர் வழிவந்தோம் எனப்படும் நாம், நம் அன்றாட அலுவலைச் சற்றே நிறுத்தி வைப்போமாக. எல்லா உயிரும் பசியின்றி, பகையின்றி, அச்சமின்றி வாழ்க!

புத்தம் சரணம்! தம்மம் சரணம்! சங்கம் சரணம்!