யாரும் எண்ணாத 5,040

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில் உருவாகும் கைபேசி ஒன்றில் *#06# என்று அழுத்தினால், 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். முதல் 14 இலக்கங்கள் ஒதுக்கித் தரப்படுபவை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, ஈரிலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டிக்கொண்டு மொத்தம் போட்டால், அது பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது.

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கணக்கு உதைக்கும். 09 என்பது 90 ஆனால் மட்டும் உதைக்காது. பூஜ்யத்தை இரட்டித்தாலும் பூஜ்யம்தான்; ஒன்பதை இரட்டித்தால் 18, அதைக் கூட்டினால் மறுபடி 9.

விதியை வகுத்தவர் லூன். அதிலுள்ள இந்த ஓட்டையை வைத்தது யார்?

இன்னோர் உதாரணம். கணிதமேதை ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுஎண்கள் உடையது உயர் பகு எண், 12 அப்படிப்பட்டது. பட்டியலின் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதை 23-ஆல் வகுத்தால் கிடைக்கும் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600-உம் உயர் பகு எண்தான். ஆனால் பட்டியலில் அது விடுபட்டுப்போனது. விடுபட்டதால் அதன் 5,040 வகுஎண்களில் ஒன்றுகூடக் குறைந்துவிடவில்லை; யாரும் எண்ணுமுன்பே அவை இருந்தன.

சதுரங்கத்திலும் விதியை அமைத்தவர்கள் எதிர்பாராத நிலைகள் உண்டே, அதற்காகச் சதுரங்கம் மனிதனுக்கு முன்பே இருந்தது என்போமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சதுரங்க விதியை நாளைக்கே மாற்றலாம். ஒரகடத்துக் கிடங்கில் 12 பெட்டிகளை மூன்று வரிசையாகவோ நான்கு வரிசையாகவோ சமமாக அடுக்கலாம். 13 பெட்டிகளை ஒரே நீள வரிசையாக வைப்பதைத் தவிர வழியில்லை. எந்தக் குழு கூடித் தீர்மானம் போட்டாலும் இது மாறாது.

1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்ததாகச் சொல்லப்படும் ராமானுஜர், உலகம் மாயையல்ல, மெய் என்றார். குணம் தன்னைத் தாங்கும் பொருளை விட்டுத் தனியே நிற்காது என்பதும், உயிரும் உலகும் இறைவனின் உடல் என்பதும் அவர் தரிசனம். எண்ணைப் பற்றிய வாதமல்ல அது. ஆனாலும் இங்கே பொருத்திப் பார்க்கத் தூண்டுகிறது.

ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த கணிதமேதை ராமானுஜன், தன் சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்றார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டியோ நாத்திகர். அந்த ஹார்டியும் 1940-இல் வெளியான தன் நூலில், கணித உண்மை நமக்கு வெளியே இருக்கிறது, நாம் அதைக் கண்டறிகிறோம், படைப்பதில்லை என்றே வாதிட்டார். அப்படியானால் ராமானுஜரின் சீடர்கள் ஹார்டியிடம் கேட்க ஒன்று பாக்கியிருக்கிறது: அந்த 5,040-ஐ ஒருவரும் எண்ணிப் பார்க்காத காலத்தில் அதைத் தாங்கி நின்றது எது?