ஆதிரையின் ஆயுள்

மாசியில் ராத்திரி ஏழரை மணிக்கெல்லாம் ஆதிரை உச்சிக்கு வந்துவிடும். ஆலங்காயத்தின் கடைசித் தெருவிளக்கைத் தாண்டிவிட்டால் எனக்கு நடை பாதி, அண்ணாந்து நிற்பது பாதி. வரிசையாக மூன்று நட்சத்திரம் நிற்கிறதே, அதற்குக் கொஞ்சம் வடக்கே, ஊதிவிட்ட கரித்துண்டு மாதிரி கனிகிறது பாருங்கள், அதுதான்.

என் நட்சத்திரம். சிவனுக்கும் அதுதான். மார்கழித் திருவாதிரைக்கு அம்மா களி கிளறினால் என் கிண்ணத்தில் மட்டும் முந்திரி கூடுதலாக விழும். அந்தப் பெருமை இந்த வயதிலும் போகவில்லை. நான் பிறந்தபோது சந்திரன் அந்தப் பக்கமாக நின்றது, அவ்வளவுதான் சம்பந்தம் என்பது தெரிந்தும்!

கூட வரும் பேரன், காவலூர் மலையில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வாத்தியாராகிவிட்டான். 2019 கடைசியில் ஆதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் பாதிக்கும் கீழே ஒளி குறைந்துபோனதாம். அது கக்கிய தூசியே அதை மறைத்ததாம். ஆனாலும் ஒரு லட்சம் வருடத்துக்குள் வெடித்துவிடும் என்கிறான். இப்போது கண்ணில் படுகிற வெளிச்சம், தஞ்சாவூரில் நாயக்கர் ஆட்சி வருவதற்கு முன்பே புறப்பட்டதாம்.

"பாட்டி, உன் ஸ்டார் செத்துப்போச்சுன்னா அர்ச்சனைக்கு என்ன சொல்லுவ?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது. பிறப்பே இல்லாதவர் சிவன் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். பிறக்காதவருக்கு எதற்கு நட்சத்திரம்? அதுவும் இருபத்தேழில் இதையா, மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் இந்தக் கிழட்டு நெருப்பையா? நிலையானவர் நிலையான ஒன்றையல்லவா வைத்துக்கொள்ள வேண்டும்? யோசிக்க யோசிக்க எனக்கு அவர்மேல் பிரியம் கூடிற்று. சாகப்போகிறது என்று தெரிந்தே 'என்னுடையது' என்று சொல்லியிருக்கிறார். நாங்களும் பிள்ளைகளை அப்படித்தானே சொல்கிறோம். இது சைவ சித்தாந்தத்தில் எங்கும் இருக்காது. எழுபது வயதுக் கிழவியின் கணக்கு.

அடுத்த பிரதோஷத்துக்கு ஒரு முடிவோடு போனேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

"திருவாதிரை."

"அது நட்சத்திரம்மா. பேர்?"

பின்னால் வரிசை நெருக்கியது. என் பெயரைச் சொன்னேன்.