விதியில் எழுதாத விதி

விளையாட்டின் விதிகள் தடுக்காத எதையும் செய்யலாமா? கேள்வி பழையது. அது இன்று எழுகின்ற இடம்தான் புதியது.

கோலார் தங்கவயலுக்குத் தண்ணீர் தந்த ஊர், பாலாற்றங்கரையில் உள்ள பேத்தமங்களா. 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டபின், அந்த வட்டாரத்துத் தமிழ் இளைஞர்கள் பலருக்கு வேலை பெங்களூரில்தான். விடியற்காலையில் ரயிலேறி, இருட்டியபின் வீடு திரும்பும் வாழ்க்கை. அந்தப் பயணத்தில் பலர் கையிலும் கைப்பேசி. சிலர் திரையில் போர்க்களம். 'பப்ஜி' என்ற போர் விளையாட்டு 2020 செப்டம்பரில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. 2021-இல் அது 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் வந்தது. இடையில் ஒருமுறை நிறுத்தப்பட்டு, 2023-இல் மீண்டும் தொடங்கியது. அறியாத பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: நூறு பேர் வரை ஒரு தீவில் இறங்குவார்கள், களம் சிறிது சிறிதாகச் சுருங்கும், இறுதிவரை எஞ்சுபவருக்கு வெற்றி.

ஓடும் ரயிலில் ஒருவருக்கு இணையத் தொடர்பு அறுந்துவிடுகிறது. திரையில் அவருடைய வீரன் வெட்டவெளியில் அசையாமல் நிற்கிறான். எதிரே வருபவர் அவனைச் சுடலாமா? எந்த விதியும் தடுக்கவில்லை. சுட்டால் கணக்கில் ஏறும். 'அது பதுங்கித் தாக்கும் தந்திரமாகவும் இருக்கலாமே' என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். தெரியாமல் சுட்டவரைக் குறை கூற இடமில்லை. ஆனால், அவருக்குத் தொடர்பு அறுந்துவிட்டது என்று நன்றாகத் தெரிந்தபின்?

படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர், பகைவனுக்கு இடர் நேரும்போது உதவும் பண்பையே வீரத்தின் கூர்மை என்கிறார். விளையாட்டு வரலாற்றில் இதற்கு உரையாக ஒரு நிகழ்ச்சி உண்டு. 1980-இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராகப் பொன்விழா டெஸ்ட் பந்தயம். இந்திய அணியின் தலைவர் கர்நாடகத்தவரான ஜி. ஆர். விசுவநாத். இங்கிலாந்தின் பாப் டெய்லர் 'அவுட்' என்று நடுவர் கை உயர்த்திவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று அறிந்த விசுவநாத், டெய்லரைத் திரும்ப ஆட அழைத்தார். அதன்பின் டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் எடுத்தனர். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விசுவநாத்தின் நேர்மைக்கு அவருடைய அணியும் விலை கொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இப்படிச் சொல்வதால், எழுதாத வழக்கங்கள் எல்லாமே தர்மம் என்று கொள்ளவும் முடியாது. 1947-இல் சிட்னியில் வினூ மன்கட், பந்து வீசுமுன்பே கோட்டை விட்டு முன்னேறிய பில் பிரவுனை ஆட்டமிழக்கச் செய்தார். அதே சுற்றுப்பயணத்தில் முன்பே எச்சரித்தும் இருந்தார். ஆயினும் 'முறையற்ற செயல்' என்ற பழி பல்லாண்டுகள் மன்கட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எல்லை தாண்டியவருக்குப் பழியில்லை! எதிரணியின் பிராட்மேனே தமது நூலில் மன்கட்டின் பக்கம் பேசினார். 2022-இல்தான் எம்.சி.சி. இதனை 'நேர்மையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண 'ரன் அவுட்' பிரிவில் சேர்த்தது. வழக்கம் என்ற பெயரில் ஒரு சாராரின் வசதியும் ஒளிந்திருக்கக்கூடும்.

திரைப் போர்களிலும் இதே குழப்பம்தான். வீட்டுக்குள் பதுங்கிக் காத்திருந்து சுடுபவரைக் கோழை என்று ஏசுகிறார்கள். ஏசுபவர் பெரும்பாலும் தோற்றவர். பொறுமையும் போர்த்திறனில் ஒரு பகுதியே. அதில் குற்றம் காண எனக்குத் தோன்றவில்லை. தனித்தனியே மோத வேண்டிய களத்தில் இருவர் இரகசியமாகக் கைகோத்து மற்றவர்களை வீழ்த்துவதோ வேறு வகை. பதுங்குபவர் போட்டிக்குள் நின்று வெல்கிறார். கைகோத்தவர்களோ போட்டியே நடக்காமல் செய்துவிடுகிறார்கள். எதிராளி இல்லாமல் விளையாட்டே இல்லை. அவர் ஆடுவதற்கான வாய்ப்பையே பறித்தபின், எதை வென்றோம் என்று சொல்வது?

2018-இல் ஷாங்காய் நகரில் நடந்த 'கவுண்டர் ஸ்ட்ரைக்' போட்டியில், இந்திய வீரர் ஒருவரின் கணினியில் குறிபார்க்க உதவும் கள்ள மென்பொருள் பிடிபட்டது. அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டுப் பின்னர் கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை. எழுதிய விதியை மீறினால் இவ்வாறு காவலுக்கு ஆள் உண்டு. எழுதாத விதிக்கு மைதானத்தில் வேறொரு காவல் இருந்தது: ஏமாற்றப்பட்டவன் அதே தெருக்காரன், ஆட்டம் முடிந்ததும் கூடவே நடந்து வருவான். திரையில் எதிராளிக்கு முகமில்லை. ஒரு புனைபெயர் மட்டுமே. அங்கே அவ்விதியைக் காப்பவர் ஆடுபவரைத் தவிர வேறு யாருமில்லை.

'அவன் முதலில் செய்தான், நான் திருப்பிச் செய்தேன்' என்பது இக்களங்களில் நாள்தோறும் கேட்கும் சமாதானம். இதற்கு மகாபாரதத்தைவிடக் கடுமையான சோதனை இல்லை. கதைப் போரில் நாபிக்குக் கீழே அடிக்கலாகாது. துரியோதனனின் தொடையை முறித்தான் பீமன். சூதாட்டம், அவையில் திரௌபதிக்கு நேர்ந்த அவமானம், அபிமன்யுவின் மரணம் என்று பீமனுக்குக் காரணங்கள் குறைவில்லை. தொடையை முறிப்பதாகச் சபதமும் செய்திருந்தான். பலராமர் கலப்பையை ஓங்கிவிட்டார். கண்ணன் தடுத்துக் காரணங்களை எல்லாம் எடுத்துரைத்தும் மனம் ஒப்பாமல், துவாரகைக்குப் புறப்பட்டுப் போனார். அரசு பாண்டவர்களுடையதாயிற்று; அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சல்ய பர்வத்தில் வியாசர், வானிலிருந்து மலர்மாரி பொழிந்ததாகக் கூறுவது வீழ்ந்து கிடந்த துரியோதனன் மீது. அதைக் கண்ட பாண்டவர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள்.