மறைநூலுக்கு உரை எதற்கு?

மறைநூல் இறைவாக்கு என்றால், அதற்கு மனிதர் எழுதும் உரை எதற்கு? இந்தக் கேள்விக்கு 'போஸ்டில்' என்ற பழைய ஆங்கிலச் சொல் ஒரு வழி காட்டுகிறது. விவிலிய வரிகளுக்கு எழுதும் விளக்கக் குறிப்பையும், பின்னாளில் ஞாயிறு வாசகத்தை ஒட்டிய மறையுரையையும் அது குறித்தது. 'மூலத்தின் அந்தச் சொற்களுக்குப் பின்' என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்பது அகராதியாளர் கருத்து. மூலம் முன்னே, உரை பின்னே என்று நின்றால் எது வேதம், எது மனிதர் கருத்து என்பது படிப்பவருக்கு விளங்கும். 14ஆம் நூற்றாண்டில் விவிலியம் முழுமைக்கும் போஸ்டில் எழுதிய பிரான்சிஸ்கன் துறவி லைராவின் நிக்கோலஸ், எபிரேய வரிகளின் நேர்ப்பொருளுக்கு யூத அறிஞர் ராஷியின் உரையை நாடினார். ராஷியின் பெயரைச் சொல்லியே எடுத்தாண்டார். உரைக்கு வேண்டிய நேர்மை இதுதான்.

உரை பெருகப் பெருக மூலம் மறைந்துவிடாதா என்று கேட்கலாம். சமயச் சீர்திருத்தவாதி லூத்தருக்கும் இந்த அச்சம் இருந்தது. தம் உரை உட்பட எல்லா உரைகளும் அழிந்து, மக்கள் வேதத்தையே நேரடியாகப் படிக்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால் அவரே 1521இல் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது, போதகர்களுக்கு உதவ ஒரு போஸ்டில் எழுதத் தொடங்கினார். மூலத்திடம் மக்களைக் கொண்டுசேர்க்கவும் உரைதான் தேவைப்பட்டது.

உரையைத் தடை செய்துவிட்டால் மூலம் தூய்மையாக நிற்கும் என்பது அடுத்த வாதம். 1560இன் ஜெனீவா விவிலியம் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு, விடுதலைப் பயண நூலில் பார்வோனின் ஆணையை மீறிய மருத்துவச்சிகளின் கீழ்ப்படியாமை முறையானதே என்று ஓரக்குறிப்பு எழுதியது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604இல் இதைக் கண்டித்தார். அவர் ஆதரவில் தொடங்கிய புதிய மொழிபெயர்ப்பில் எபிரேய, கிரேக்கச் சொற்களை விளக்குவது தவிர வேறு ஓரக்குறிப்பு கூடாது என்று விதி வகுக்கப்பட்டது. ஆனால் அதே விதிகள், 'எக்லேசியா' என்ற கிரேக்கச் சொல்லைக் கூடிவந்த மக்கள் என்ற பொருளில் பெயர்க்காமல், 'திருச்சபை' என்றே பெயர்க்க வேண்டும் என்றும் கட்டளையிட்டன. இதுவும் ஓர் உரைதான். ஓரத்தை விட்டு மூலத்துக்குள்ளேயே புகுந்துகொண்ட உரை. ஓரக்குறிப்பை மறுக்கலாம், அதோடு வாதிடலாம். மூலமாகவே வேடம் பூண்ட உரையோடு வாதிடுவது எளிதல்ல. மனிதர் மொழியில் வரும் எந்த மறைநூலும் விளக்கமின்றி நம்மை வந்தடைவதில்லை. ஆகவே உரை வேண்டாம் என்பது பக்தி ஆகாது. உரை தன்னை உரை என்று சொல்லிக்கொண்டு நிற்பதே இறைவாக்குக்குச் செய்யும் மரியாதை.