கோபுரமும் கணக்கும்

ஊர்விட்டு ஊர் பெயர்வது மனித இனத்திற்குப் புதிதன்று. பஞ்சம் துரத்தியும் போர் விரட்டியும் சென்றவர்களைக் குறித்து அறநூலோர் நீண்ட விவாதம் செய்வதில்லை. உயிர்காக்க ஓடுகிறவனை நிறுத்திக் காரணம் கேட்பது முறையன்று. ஆனால், துரத்துவார் எவருமின்றி, தக்க ஊதியமும் தலைக்குமேல் கூரையும் உள்ள ஒருவன், ‘இதைவிட நல்ல வாழ்வு வேறோர் இடத்தில் இருக்கிறது’ என்றெண்ணித் தன் குடும்பத்தோடு புறப்படும்போது ஒரு வினா எழுகிறது. அவன் எவற்றையெல்லாம் கணக்கிட வேண்டும்? அக்கணக்கு எதற்காக? இவ்வினாவை வெறும் கருத்தளவில் பேசாமல், ஓர் இடத்தை முன்னிறுத்திச் சிந்திப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு மாநிலம் வெர்மாண்ட். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 6,43,077. அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களுள் இதைவிடக் குறைந்த மக்களைக் கொண்டது வயோமிங் ஒன்றே. வெர்மாண்டின் மிகப் பெரிய நகரான பர்லிங்டனிலும் ஐம்பதினாயிரம் பேர் இல்லை. நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு. சாலைகளில் பாதிக்கு மேல் தார் காணாதவை. வழியோர விளம்பரப் பலகைகளை 1968-லேயே சட்டத்தால் விலக்கிய மாநிலம் அது. முதியோர் பெருகி, இளைஞர் குறைந்துவந்ததால், வெளியிலிருந்து வந்து குடியேறி, வீட்டிலிருந்தபடியே பிற மாநில நிறுவனங்களுக்குப் பணிபுரிவோருக்குப் பத்தாயிரம் டாலர் வரை ஈடு செய்யும் சட்டத்தை 2018-இல் இயற்றியது. 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் நியூயார்க், பாஸ்டன் போன்ற பெருநகரங்களிலிருந்து பலர் அம்மலைகளை நாடிச் சென்றனர். கணினிப் பணியில் அந்நாட்டில் வாழும் நம் பங்குகளின் பிள்ளைகளுக்கும் இது தொலைதூரத்துச் செய்தியன்று.

பனியின் செலவு

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கு ஒதுக்கினர். ஆனால் அவர்கள் அறிந்த பனி, புல்நுனியில் தங்கி வெயில் ஏறும்முன் மறையும் பனி. ஐவகை நிலத்தில் உறைபனி நிலம் என்று ஒன்று இல்லை. ஆகவே, வெர்மாண்டின் பனியைத் தமிழில் நினைக்கும்போதே நாம் அதைக் குறைத்து நினைக்கிறோம். பர்லிங்டனில் சனவரி மாத இரவு வழக்கமாகவே உறைநிலைக்குப் பத்துப் பாகைக்கும் கீழே செல்கிறது. புளூம்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1933 திசம்பர் 30 அன்று பதிவானது, சுழியத்திற்குக் கீழே 46 பாகை செல்சியசு. திசம்பர்ப் பகலுக்கு ஒன்பது மணி நேரம்கூட இல்லை.

இதற்கு ஆகும் செலவுகளைப் பாருங்கள். வீட்டைச் சூடாக்க எண்ணெயோ எரிவாயுவோ விறகோ வேண்டும். அங்கே விறகை விற்கும் அளவு, நான்கடி உயரமும் நான்கடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட அடுக்கு. அதாவது 128 கன அடி. விறகையே நம்பியிருக்கும் வீட்டிற்கு ஒரு குளிர்காலத்தில் இத்தகைய அடுக்குகள் பல தேவை. அதுவும் வெட்டிய விறகு உடனே எரியாது. ஏறக்குறைய ஓராண்டு காய வேண்டும். ஆகவே, இந்தக் குளிருக்கான விறகைச் சென்ற ஆண்டே அடுக்கியிருக்க வேண்டும். புதிதாக வருகிறவன் வந்திறங்கும் நாளிலேயே ஓராண்டு பிந்தியவனாகிறான்! ஊர்திக்குக் குளிர்காலத்திற்கென்று தனிச் சக்கர உறைகள் வேண்டும். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, ஊர்தியின் அடிப்பாகத்தை அரிக்கும். முற்றத்துப் பனியை வழித்தெடுக்க ஆள் வேண்டும். குழாய்நீர் உறைந்து குழாய் வெடிக்காமல் காக்க வேண்டும். பனி உருகும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் மண்சாலைகள் சேறாகிச் சக்கரத்தை விழுங்கும். அதற்குச் ‘சேற்றுப் பருவம்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

வரியும் இவ்வாறே. வெர்மாண்டின் வருமான வரி உயர் வரம்பில் 8.75 விழுக்காடு. ஆற்றுக்கு அப்பாலுள்ள நியூ ஹாம்ப்ஷயரில் ஊதியத்திற்கு வருமான வரியும் இல்லை, பொது விற்பனை வரியும் இல்லை. கேட்டவுடன் அங்கே ஓடத் தோன்றும். ஆனால் அம்மாநிலம் வீட்டுவரியில் அதை ஈடு செய்துகொள்கிறது. ‘வெப்பம் மிகும் உலகில் வடக்கு மலைகளே பாதுகாப்பு’ என்பாரும் உண்டு. 2023 சூலையில் பெருமழை பொழிந்து மாநிலத் தலைநகரான மாண்ட்பீலியரின் கடைவீதி நீரில் மூழ்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 2024 சூலையில், மீண்டும் வெள்ளம். செலவே இல்லாத இடம் என்று ஒன்று உலகில் இல்லை. ஓரிடத்தில் ஒரு பெயரில் கொடுப்பதை மற்றோரிடத்தில் வேறு பெயரில் கொடுக்கிறோம்.

இவற்றை எண்ணிப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு அன்று. புனித தோமா அக்வினாஸ் முன்மதியைத் தலையாய நற்பண்புகளுள் ஒன்றாக வைத்து, அதன் உறுப்புகளாக நினைவாற்றல், தொலைநோக்கு, சூழலறிதல், எச்சரிக்கை முதலியவற்றைக் குறிப்பிடுகிறார். பிறரிடம் கேட்டுக் கற்கும் பணிவையும் அவர் அவற்றுள் சேர்த்திருப்பது நம் கவனத்திற்குரியது. படங்களில் பனியைக் கண்டவனைவிட, பத்துக் குளிர்காலத்தை அங்கே கழித்த ஒரு முதியவளின் சொல்லுக்கு எடை அதிகம். வள்ளுவரும் தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் இடனறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். எண்ணாமல் இறங்குவதைத் துணிவு என்று நம் மரபும் சொல்லவில்லை, திருச்சபையின் மரபும் சொல்லவில்லை.

ஏட்டில் ஏறாதவை

ஆயினும், இத்தகைய கணக்குகளில் ஒரு குறை உண்டு. கணக்கு எழுதுபவன் தன் கையிலிருந்து போவதை மட்டுமே செலவென்று எழுதுகிறான். அவனுடைய முடிவுக்காகப் பிறர் கொடுக்கும் விலை ஏட்டில் ஏறுவதில்லை.

முதலில் வீட்டாரைப் பார்ப்போம். ‘அமைதியான வாழ்வு’ என்று கணவன் சொல்லும் அதே சொல், பேச ஆளில்லாமல் ஐந்து மாதம் பனிக்குள் அடைபடும் மனைவிக்குத் தனிமை என்று பொருள்படலாம். மகப்பேற்று மருத்துவமனை எத்தனை மைல்? முதிய தாயை வழுக்கும் சாலையில் யார் அழைத்துச் செல்வார்? கத்தோலிக்கக் குடும்பத்திற்கு மற்றொன்றும் உண்டு. 1853-இல் நிறுவப்பட்ட பர்லிங்டன் மறைமாவட்டமே மாநிலம் முழுவதற்கும் ஒரே மறைமாவட்டம். குருக்கள் குறைந்ததால் பங்குகள் பல இணைக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் சமயப் பற்று மிகக் குறைந்த மாநிலங்களுள் ஒன்றாக வெர்மாண்டை ஆய்வாளர் எண்ணுகின்றனர். பனி கொட்டும் ஞாயிறன்று திருப்பலிக்குச் செல்லும் தூரத்தையும், நம்பிக்கையில் வளர வேண்டிய பிள்ளைக்குத் தன் வயதுத் தோழர் இருப்பார்களா என்பதையும், நிலத்தின் விலையை எழுதும் தாளிலேயே எழுத வேண்டாமா? விருப்பம் ஒருவருடையதாகவும் விலை மற்றவருடையதாகவும் இருந்தால், அதற்கு நீதி என்ற பெயர் பொருந்தாது.

அடுத்து, அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்கள். பெருநகர ஊதியத்தோடு வருகிறவன் கேட்ட விலையைத் தயங்காமல் கொடுக்கிறான். பால்பண்ணையில் உழைப்பவருக்கும் பள்ளியில் சமைப்பவருக்கும் அந்த வீடு எட்டாக்கனியாகிறது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் விளக்கெரியும் விடுமுறை வீடுகள் அங்கே ஏராளம். அதே மாநிலம், மக்கள்தொகை விகிதப்படி வீடற்றோர் மிகுந்த மாநிலங்களுள் ஒன்று என 2023-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு காட்டியது. இதற்குக் காரணம் குடியேறிகள் மட்டுமல்லர்; புதிய வீடுகள் போதிய அளவு கட்டப்படாததும் ஒரு காரணம். அம்மாநிலமே ஆள் தேடி அழைக்கிறது என்பதும் உண்மை. மாணவர் குறைந்த பள்ளிக்கு ஒரு குழந்தை கூடுவதும், தொண்டர்களாலேயே இயங்கும் சிற்றூர்த் தீயணைப்புக் குழுவுக்கு ஓர் இளைஞன் கிடைப்பதும் பெரிய நன்மைகள். ஆக, வருகிறவன் வரமாகவும் இருக்கலாம், சுமையாகவும் இருக்கலாம். எதுவாக இருப்பான் என்பது அவன் பணப்பையால் முடிவாவதன்று. அவன் அயலானாக வாழ்கிறானா என்பதைப் பொறுத்தது.

இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. 1974-இல் சோவியத் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுத்தாளர் அலெக்சாண்டர் சோல்செனித்சின், 1976-இல் வெர்மாண்டின் கேவண்டிஷ் என்னும் சிற்றூரில் குடியேறினார். தம் நிலத்தைச் சுற்றி அவர் இட்ட வேலி ஊராரை முணுமுணுக்க வைத்தது. அவர்கள் வழக்கமாக வேட்டைக்கும் பனியூர்திக்கும் சென்ற வழி அது. 1977-இல் நடந்த ஊர்க்கூட்டத்திற்கு அவர் நேரில் சென்றார். மொழிபெயர்ப்பாளர் துணையோடு வேலியின் காரணத்தை விளக்கி, அதற்காக வருத்தமும் தெரிவித்தார். மக்கள் ஏற்றுக்கொண்டனர். ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல் அவருக்குக் காவலும் ஆயினர்: அவர் வீட்டிற்கு வழி சொல்ல மாட்டோம் என்று ஊர்க்கடையில் அறிவிப்பு வைத்தார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1994-இல், தாயகம் திரும்பும்முன் அதே ஊர்க்கூட்டத்திற்கு வந்து நன்றி கூறி விடைபெற்றார். அவர் ஊரோடு அதிகம் கலந்து பழகியவர் அல்லர், தனித்திருந்து எழுதியவர். எனினும், தம் வருகையால் பிறருக்கு ஒரு செலவு நேர்ந்தது என்பதை உணர்ந்து அதை அவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அவ்வளவே அவரை அயலாராக்கியது.

எதற்காக எண்ணுகிறோம்?

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் கூறிய உவமையை (லூக்கா 14) நாம் அறிவோம். கணக்கிட்டுச் செயல்படுவோர் இப்பகுதியைத் தமக்கு ஆதரவாக விரும்பி எடுத்தாள்வர். ஆனால் அங்கே சொல்லப்படும் கணக்கு எது? கட்டினால் இலாபம் எவ்வளவு என்பதன்று; தொடங்கியதை முடிக்க இயலுமா என்பதே. அடித்தளம் இட்டுவிட்டு நிறுத்தியவனைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்பதே அங்குள்ள அச்சம். இலாபக் கணக்கு, ‘எனக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்கிறது. நற்செய்தியின் கணக்கோ, ‘நான் நிலைத்து நிற்பேனா?’ என்று கேட்கிறது. முதல் கேள்வியை மட்டும் கேட்டுச் சென்றவர்கள் முதற்பனியிலோ மூன்றாம் பனியிலோ திரும்பிவிடுவது இயல்பு. இலாபம் குறைந்தவுடன் அவர்கள் அங்கே இருப்பதற்கான காரணமும் குறைந்துவிடுகிறது.

தொடக்க நூலில் லோத்து கண்களை உயர்த்திப் பார்த்தான். யோர்தான் சமவெளி நீர்வளம் மிக்கதாய் இருந்தது; அதைத் தேர்ந்துகொண்டான். நிலத்தைப் பார்த்தான், மேய்ச்சலைப் பார்த்தான். அங்கே தன் வீட்டார் எவ்வகை மனிதராக ஆவார்கள் என்பதைப் பார்க்கவில்லை. அவன் கூடாரம் சோதோம்வரை சென்றது. ரூத்து நூலில் வரும் எலிமேலக்கோ பஞ்சத்திற்கு அஞ்சி, ‘அப்பத்தின் வீடு’ எனப் பெயர்கொண்ட பெத்லகேமை விட்டு மோவாபு சென்றார். அங்கே அவரும் மடிந்தார், புதல்வர் இருவரும் மடிந்தனர். நகோமி வெறுங்கையோடு திரும்பினார். எந்தக் கணக்கரும் அப்பயணத்தை முழு இழப்பு என்றே எழுதுவார். ஆனால் அவரைப் பற்றிக்கொண்டு வந்த மோவாபியப் பெண்ணின் வழியில் தாவீது பிறந்தார். தாவீதின் வழியில் மீட்பர் பிறந்தார். கணக்கிடுவது நம் கடமை. கணக்கின் கடைசி வரியை எழுதுவது நம் கையில் இல்லை.

அப்படியானால் போவதா, இருப்பதா? இரண்டில் ஒன்றே புனிதம் என்று திருச்சபை கூறவில்லை. ஆபிரகாம் புறப்பட்டார், அது கீழ்ப்படிதல். புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியரிடம் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வார்த்தைப்பாட்டைக் கேட்டார், அதுவும் கீழ்ப்படிதல். மடம் மடமாகத் திரிந்த துறவியரைத் தம் ஒழுங்குநூலின் முதல் அதிகாரத்திலேயே அவர் கண்டித்தார். அவர்கள் நடந்த தூரம் அவருக்குப் பொருட்டன்று. எங்கும் வேர்விடாமல் தங்கள் விருப்பத்தையே தூக்கிக்கொண்டு நடந்ததையே அவர் குறையாகக் கண்டார். நகரின் இரைச்சலை விட்டு ஓடலாம்; நெஞ்சின் இரைச்சல் நம்மோடு வண்டியேறி வரும். பனிக்கால அமைதியில் அது இன்னும் தெளிவாகவே கேட்கும்.

எனவே, புறப்பட எண்ணும் குடும்பம் தன்னிடமே மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளட்டும். நாம் கொடுக்க வேண்டிய விலையை நாமே கொடுக்கிறோமா, அல்லது வீட்டிலும் ஊரிலும் உள்ள எளியவர் தலையில் சுமத்துகிறோமா? எதையேனும் விட்டு ஓடுகிறோமா, அல்லது யாருக்கேனும் பயன்படச் செல்கிறோமா? நாம் விரும்பிச் சென்றதில் பாதி கிட்டாமற் போனாலும் அங்கே நிலைத்து, அயலாரின் முற்றத்துப் பனியையும் நம் முற்றத்துப் பனியோடு சேர்த்து வழித்தெடுப்போமா? பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய மடல், வீடு கட்டவும் தோட்டம் போடவும் சொன்னதோடு, அந்நகரின் நலனுக்காக மன்றாடவும் சொன்னது. விரும்பாமல் சென்றவர்களுக்கே அக்கடமை உண்டெனில், விரும்பிச் செல்கிறவர்களுக்கு எவ்வளவு அதிகம்!

இம்மூன்றிற்கும் ‘ஆம்’ என்று நேர்மையாகச் சொல்ல இயலாதவர்கள், இப்போது இருக்கும் தெருவிலேயே அவற்றைப் பழகத் தொடங்கலாம். அடுத்த வீட்டு முதியவரின் பெயரை அறியாமலே பத்தாண்டு வாழ்ந்தவரை, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மலையூர் திடீரென்று நல்ல அயலாராக்கிவிடாது. ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தவர்கள் அஞ்சாமல் செல்லட்டும். விறகை மட்டும் ஓராண்டு முன்னதாகவே அடுக்கட்டும்.