கணக்கில் வராத செலவு

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் ஆண்டவரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வீடு கட்டத் தொடங்குகையில் நாமும் அவ்வாறே அமர்கிறோம். செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எவ்வளவு, கொத்தனார் கூலி என்ன என்று தாளில் எழுதிக் கூட்டுகிறோம். தொகை கையிலுள்ள பணத்துக்குள் அடங்கிவிட்டால், எப்படிக் கட்டுவதும் நம் உரிமை என்று எழுந்துவிடுகிறோம். அந்தத் தாளில் இடம்பெறாத செலவு ஏதேனும் உண்டா? உண்டெனில் அதைச் செலுத்துபவர் யார்?

சிமென்டையே எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமென்ட் தொழிலுக்கு உரியது என்று கணக்கிட்டுள்ளனர். மணலின் கதை இன்னும் அருகில் இருக்கிறது. ஆற்று மணல் நீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்புவது; அளவின்றி அள்ளப்படும் இடங்களில் கரையோரக் கிணறுகள் வற்றுகின்றன. நம் வரவேற்பறையின் அகலத்துக்கு, நாம் ஒருநாளும் பார்த்திராத ஓர் உழவர் விலை கொடுக்கிறார்.

இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, குவேக்கர் சபையில் வாழ்ந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் தொழிலுக்கு அடித்தளமாகக் கொண்டார். செங்கற்களைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்கி, சுவரின் நடுவே வெற்றிடம் விடுவார். 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். வெற்றிடம் வெயிலைத் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. கான்கிரீட்டுக்கு அங்கே வேலை குறைவு. ஆகவே அவ்விடத்தைப் பழைய மங்களூர் ஓடுகளால் நிரப்பினார். திருவனந்தபுரம் லொயோலா வளாகத்தில் அவர் கட்டிய சிற்றாலயத்தில் செங்கல் இடைவெளிகளின் வழியே ஒளியும் காற்றும் வருகின்றன. (செங்கல்லும் சூளையில் நெருப்பைத் தின்று பிறப்பதுதான். அதை அவர் அறிவார். மண்ணால் கட்டுவது பற்றியும் சிறு நூல் எழுதினார்.)

அவர் சுவர்களுக்குப் பூச்சுப் பூசவில்லை. இதுதான் நம்மிடம் எடுபடாதது. நம் ஊர்களில் பூசாத சுவர் என்றால் பணம் தீர்ந்துபோன வீடு என்று பொருள். வீடு மந்திரிப்புக்கு வரும் உறவினர், "பூச்சு வேலை எப்போது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி நாம் செய்யும் செலவு கொஞ்சமன்று.

ஆயினும் ஒரு மறுப்பை எளிதில் தள்ள இயலாது. தலைமுறைகளாக மழைக்கு ஒழுகும், தீக்கு அஞ்சும் குடிசையில் வாழ்ந்தவருக்குக் காரை வீடு ஆடம்பரமன்று, மானம். குளிரூட்டிய அறையில் அமர்ந்து மண்சுவரின் பெருமையை அவருக்குப் போதிக்க நமக்கு என்ன தகுதி? இல்லை என்றே எண்ணுகிறோம். பேக்கருக்கு இருந்தது. பூந்துறை மீனவர்களுக்கு அவர் கட்டிய வீடுகளை நேர்வரிசையில் நிறுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் கடற்காற்று கிடைக்குமாறு விலக்கி விலக்கி அமைத்தார். நாலாஞ்சிறையில் தாம் குடியிருந்த வீட்டையும் அதே சிக்கனத்தோடுதான் கட்டினார். ஏழைக்கு ஒரு நியாயம், தமக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளவில்லை. சிக்கனம் வசதியுள்ளவரிடம் தொடங்கினால்தான் அது நீதியாகும். இல்லையேல் ஏழையின் மீது சுமத்தப்படும் இன்னொரு பாரமே.

வசதியுள்ளோர் வரிசையில் நம் பங்குகளையும் சேர்த்தாகவேண்டும். பழைய ஓட்டுக் கூரை ஆலயத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் எழுப்பத் தீர்மானிக்கும் கூட்டங்களில் நன்கொடைக் கணக்கு வாசிக்கப்படுகிறது, கைதட்டுகிறோம். அந்த ஓடுகளும் தேக்கு உத்தரங்களும் என்ன ஆகும் என்று எவரும் கேட்டு நாம் அறியோம். பழைய பொருள் வாங்குபவர் அவற்றை லாரியில் ஏற்றும்போதுதான் சிலர் வெளியே வந்து பார்க்கிறோம்.