முறுக்கிய கையும் பார்க்கும் கண்ணும்

கனடாவின் கியூபெக்கில், வால்கூர் என்ற ஊரில், 1934 குளிர்காலத்தில் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் 2 வயது மகன் இறந்துபோனான். பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. அந்தத் தகப்பன்தான் பின்னாளில், 1959இல், ஸ்கி-டூ என்ற பனிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். அந்த ஊர்ப் பக்கம் வண்டி வழியில் நிற்பது சின்ன விஷயம் இல்லை.

டூ-ஸ்ட்ரோக் பனிவண்டியில் ஆயில் பம்ப்பைக் கழற்றி மாட்டினால், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மறந்தால்? வண்டி ஸ்டார்ட் ஆகும். சத்தமும் சரியாத்தான் இருக்கும். கொஞ்ச தூரம் போனபிறகு ஆயில் கிடைக்காமல் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தப்பு நடந்தது கொட்டகையில். தண்டனை உறைந்த ஏரிக்கு நடுவே, பல சமயம் வேறொருவருக்கு.

"ரெண்டு தடவை பார்க்கணும்ப்பா" என்று சொல்லிவிடலாம். ஆனால் வேலை செய்தவரே திரும்பிப் பார்க்கும்போது, கண் போல்ட்டின் மேல் இருக்கும். மனசு 'இதை நான்தானே முறுக்கினேன்' என்று அடுத்ததுக்குப் போய்விடும். விமானப் பராமரிப்பில் முக்கியமான இணைப்புகளை இன்னொருவர் சோதிப்பது இதனால்தான்.

நல்ல கைத்தொழில்காரருக்கு இது சுடும். "என் வேலையிலயே சந்தேகமா?" அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஏற்கத்தான் முடியவில்லை. திறமை அவருடையது, ஏரியைக் கடக்கும் உயிர் அவருடையது அல்லவே.

கூட ஆளில்லாமல் தனியாக வேலை செய்பவர்? பம்ப்பைத் தொட்டபின், முதல் டேங்க் பெட்ரோலில் ஆயிலைக் கலந்தே ஊற்றுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அப்புறம் கொஞ்ச நேரம் கூப்பிடு தூரத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்கள்.